அரை மில்லிகிராம்

நவம்பர் 18, திங்கள்

நாலு மணிக்கு நூலகம் திறக்கப் போகிற வழியில் பள்ளி மைதானத்தின் கம்பிவேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன். அம்மா ஓடிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொன்பது வயது. சுடிதார், வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில், கையில் ஹாக்கி மட்டை. துரத்தி வந்த மூன்று பிள்ளைகளைத் தாண்டிப் போய்ப் பந்தை கோலுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

"ஏட்டி முத்தரசி! உள்ள என்ன, சாமி கும்பிடவா நிக்க? முன்னால வா! பந்து வரட்டும்னு காத்துக் கெடக்கக் கூடாது, நீ பந்துகிட்டப் போகணும்!"

முத்தரசி பதினோராம் வகுப்பு; கோல்கீப்பர். தலைக்கவசத்துக்குள்ளிருந்து "போறேன் டீச்சர்" என்றாள். நகரவில்லை.

கோவில்பட்டியில் ராஜபுஷ்பம் டீச்சரைத் தெரியாத ஹாக்கிக்காரர்கள் இல்லை. மூன்று வருடம் முன்பு இதே ராஜபுஷ்பம் டீச்சர் முழங்கால் வலியால் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாள். விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை நான்தான் என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதை அவள் கொடுக்கவே இல்லை. கோடை விடுமுறை முடிந்ததும் எழுந்து பள்ளிக்குப் போய்விட்டாள். "விளக்கெண்ணெய் தேய்ச்சேன், சரியாப் போச்சு" என்றாள். வாசிப்பதே தொழிலாகக் கொண்டவள் நான்; எண்ணெய்யை நம்பினேன்.

பொங்கல் விடுமுறையில் இங்கே நடக்கும் பள்ளிப் பெண்கள் போட்டிதான் அம்மாவுக்குக் கடைசி. மே மாதம் பணி ஓய்வு.

நவம்பர் 20, புதன்

மழை. பயிற்சி இல்லை. அம்மா கூடத்தில் உட்கார்ந்து பதினாறு மட்டைகளுக்கும் டேப் சுற்றினாள். யாரோடும் பேசவில்லை, அவளுக்கு அது சந்தோஷம்.

நவம்பர் 22, வெள்ளி

வெள்ளி எனக்கு விடுமுறை. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து, "டீச்சர் நல்லா பூசுனாப்ல ஆயிட்டீக. கன்னமெல்லாம் வந்துருச்சு" என்றாள். அம்மா சிரித்தாள்.

எனக்கு அந்தக் கன்னம் பிடிக்கவில்லை. அப்பா இறந்து ஒன்பது வருடமாக இந்த முகம் ஒன்றைத்தான் தினமும் பார்த்து வருகிறேன். அது நீளமான முகம். இப்போது வட்டமாகிவிட்டது. கையில் இங்கேயும் அங்கேயும் கருநீலத் திட்டுகள், கேட்டால் "பந்து பட்டுச்சு." போன மாதம் ஒரு பிளாஸ்திரியைப் பிரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. பள்ளியில் நடந்த முகாமில் சுகர் கொஞ்சம் கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மத்தியானம் டேப் தீர்ந்து, பரணில் இன்னொரு சுருள் இருக்குமா என்று தேடினேன். பழைய கோல்கீப்பர் கால்காப்பு ஒன்று, உள்ளே பஞ்சு பிதுங்கிக் கிடந்தது. தூக்கினால் சலசலத்தது. பஞ்சுக்குள் கைவிட்டேன். விபூதிப் பொட்டலம் போல மடித்த வெள்ளைக் காகிதப் பொட்டலங்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். இரண்டை எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே வைத்தேன்.

ஒவ்வொன்றிலும் மூன்று. ஒரு மஞ்சள் மாத்திரை, ஒரு ரோஸ் மாத்திரை, ஒரு பொடி வெள்ளை மாத்திரை. அந்த வெள்ளை என் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. ஊதினால் பறந்துவிடும்.

நவம்பர் 25, திங்கள்

பொட்டலம் மடிக்கும் விதம் எனக்குத் தெரியும். சிறுவயதில் காய்ச்சல் என்றால் தங்கமாரி அண்ணாச்சியின் மெடிக்கலில் இதே மடிப்பில்தான் வாங்கி வருவோம். "ஒரு வேளைக்குச் செட்டு குடுங்க அண்ணாச்சி" என்றால் போதும். எதற்கு என்று அவர் கேட்பார்; என்ன என்று நாம் கேட்பதில்லை.

இன்று கடையில் கறுப்பு வேட்டி, துளசி மாலையோடு இருந்தார். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுவிடுவார். காகிதத்தைப் பிரித்து நீட்டினேன்.

"இந்தச் சின்ன மாத்திர என்னது அண்ணாச்சி?"

"சாமி சரணம். டீச்சர் கேட்டு விட்டாகளா?"

"ஆமா" என்றேன். முதல் பொய் அது.

"டெக்ஸா. அரை மில்லிகிராம். காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. மத்த ரெண்டும் வலிக்கும் கேஸுக்கும். வேலை செய்யுறது இவருதான்." விரலால் அந்தப் பொடி மாத்திரையைத் தொட்டார், மரியாதையோடு. "என்னம்மா மூஞ்சி போற போக்கு? ஊரே இதத்தான் திங்குது. இவரு இல்லாம செட்டே கிடையாது."

"மூணு வருசமாவா?"

"ஒருநா டீச்சர் இந்தப் படி ஏற முடியாம, அந்தா, அந்தக் கம்பியப் பிடிச்சிக்கிட்டு அழுதாக. நான் பாத்திருக்கேன். நீ பாத்திருக்க மாட்ட."

பார்த்ததில்லை. அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை.

நவம்பர் 28, வியாழன்

நூலகத்தில் ஒரு மருந்தியல் கையேடு உண்டு. காலமான ஒரு கம்பவுண்டரின் வீட்டார் கொடுத்தது. என் காலத்தில் யாரும் எடுத்துப் போனதில்லை. இன்று நான் எடுத்தேன். காலைப் பொழுது முழுக்க அதிலேயே போயிற்று.

டெக்ஸா, ஸ்டீராய்டு வகை. என்ன ஒரு மருந்து! நம் உடம்பே சுரக்கிற ஒன்றைப் பார்த்து மனிதர்கள் செய்தது. உடம்பு சுரப்பதைவிடப் பல மடங்கு வலியது. 1948-இல் அமெரிக்காவில், மூட்டுவாதத்தால் படுக்கையைவிட்டு எழ முடியாத ஒரு பெண்ணுக்கு இதன் மூதாதையான மருந்தைச் சில நாள் ஊசியாகப் போட்டார்களாம். அவள் எழுந்து கடைவீதிக்குப் போனாளாம். அந்த வரியை நாலு தடவை படித்தேன். மாதம் முந்திப் பிறக்கப் போகும் குழந்தைக்கு நுரையீரல் விரியாது என்று தெரிந்தால் தாய்க்கு இதைப் போடுகிறார்கள். தாயின் ரத்தம் வழியே போய், இன்னும் பிறக்காத நுரையீரலை இரண்டே நாளில் மூச்சுக்குத் தயார் செய்கிறது. கொரோனா வந்தபோது பிராணவாயு வைத்தும் திணறியவர்களில் பலரைக் காப்பாற்றியதும் இதுதான் என்று செய்தித்தாளில் படித்திருக்கிறேன். அப்போது பெயரைக் கவனிக்கவில்லை.

பிறகு அடுத்த பத்தி. முகம் வட்டமாகும். தோல் மெலியும். தொட்டால் ரத்தம் கட்டும். சர்க்கரை ஏறும். எலும்பு உள்ளுக்குள் அரித்துப்போகும். கண்ணில் புரை விழும். யாரோ அம்மாவைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்துப் பார்த்து எழுதியது போல இருந்தது.

பக்கம் முடியும் இடத்தில் ஒருவர் வந்து வாரப் பத்திரிகை கேட்டார். புத்தகத்தை மூடினேன். தாளைத் திருப்பவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

அம்மாவிடம் கேட்கவில்லை. நான்கு நாளாக வாய்வரை வந்து திரும்புகிறது. என்னிடம் மறைத்துவிட்டாளே என்பதுதான் முதலில் வருகிறது. எலும்பு, கண் எல்லாம் அப்புறம்தான்.

டிசம்பர் 6, வெள்ளி

விடுமுறை. வீட்டைச் சுத்தம் செய்தேன். பீரோ, பரண், பழைய காப்புகள், எல்லாம்.

டிசம்பர் 8, ஞாயிறு

அம்மா பரணுக்குக் கீழே நாற்காலி போட்டு ஏறி நின்றிருந்தாள்.

"பரண ஒதுக்குனியாட்டி?"

"ஆமா."

"எதையும் தூக்கிப் போட்டியா?"

"பழைய பேப்பருதான்."

பரணுக்குள் இன்னொரு தடவை கைவிட்டுத் துழாவினாள். இறங்கும்போது கை நீட்டினேன், பிடிக்கவில்லை. சாயங்காலம் "தங்கமாரி கடை பூட்டிக் கிடக்கு" என்றாள், ஏதோ ஊர்ச் செய்தி போல. மலைக்குப் போயிருக்கிறார், பதினெட்டாம் தேதிதான் வருவார் என்றேன். "ம்" என்றாள். வேறு மெடிக்கலில் போய் அவளால் கேட்க முடியாது. அங்கே சீட்டு கேட்பார்கள், பெயர் கேட்பார்கள்.

டிசம்பர் 11, புதன்

கன்னம் சற்று வற்றியிருக்கிறது. முகத்தின் பழைய நீளம் தெரிகிறது. எனக்குள் ஒரு சின்ன வெற்றி.

இன்று மைதானத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வெயிலில், கவிழ்த்த வாளியின் மேல். அவள் உட்கார்ந்து விசில் ஊதி நான் பார்த்ததில்லை. சத்தமும் குறைவு. முத்தரசி நகராமலே நின்றாள், யாரும் திட்டவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். அம்மா விளக்கு வைக்க எழுந்திருக்கவில்லை. நானே வைத்தேன். பொரி உருண்டையை உடைத்துக் கொடுத்தேன். மோந்துவிட்டு வேண்டாம் என்றாள். உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருக்கிறதாம். எழுந்தால் தலை சுற்றுகிறதாம்.

உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது. எதை விட்டாலும் கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும்.

டிசம்பர் 15, ஞாயிறு

நேற்று காய்ச்சல், ஐந்து தடவை வாந்தி. காலையில் குளியலறை வாசலில் சரிந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். பிரஷர் மேல் எண் எழுபத்தெட்டு. சர்க்கரை குறைவு. உப்பு குறைவு. கை பனிக்கட்டி.

டாக்டர் ஷகிலா பானு. என்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். "வேற என்ன மருந்து எடுக்குறாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். நான் ஸ்போர்ட்ஸ் டீச்சர்" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"எப்பவாவது கேஸ் மாத்திரை" என்றேன்.

ஒன்பது நாளாக அவள் உடம்பில் இல்லாத ஒரு மருந்தைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? அது போய்விட்டது. சொன்னால் அம்மாவின் மானம்தான் போகும். இப்படித்தான் நினைத்தேன். இதில் என் மானம் எத்தனை பங்கு என்று கணக்குப் பார்க்கவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு நாலாவது சலைன் பாட்டில். பிரஷர் ஏறவில்லை. கிருமிக்கான மருந்தும் போட்டாயிற்று. டாக்டர் ஷகிலா மூன்றாவது தடவையாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ரத்தக்கட்டெல்லாம் எப்படி?"

"பந்து" என்றேன். அம்மாவின் பொய் என் வாயில் தயாராக இருந்தது.

"உள்ள என்னமோ வேலை செய்யல. என்னன்னு எனக்குப் பிடிபடல" என்றார். ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு எழுந்தார்.

அப்போது அம்மா கண்ணைத் திறந்தாள். என்னைத்தான் பார்த்தாள், ஆனால் நான் யாரென்று தெரியவில்லை.

"முத்தரசி" என்றாள். "முன்னால வாட்டி. அங்கயே நிக்காத."

வார்டு வாசலில் டாக்டரைப் பிடித்தேன்.

"மூணு வருசமா டெக்ஸா சாப்பிட்டாங்க. அரை மில்லிகிராம், ரெண்டு வேளை. மெடிக்கல்ல குடுக்கிற செட்டுல."

"எப்ப நிறுத்துனாங்க?"

"டிசம்பர் ஆறு."

"யாரு நிறுத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் தூக்கிப் போட்டேன். அவங்களுக்குத் தெரியாம. இருந்த பொட்டலத்த எல்லாம் வாளித் தண்ணியில கரைச்சு ஊத்திட்டேன்."

அவர் திட்டவில்லை. ஓடினார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஓடி நான் பார்த்தது இன்றுதான். "மொதல்ல ரத்தம் எடுங்க, அப்புறம் ஊசி" என்று நர்ஸிடம் சொன்னது கேட்டது. ஒரு சின்னப் புட்டியில் வெள்ளைத் தூள். தண்ணீர் விட்டுக் குலுக்கியதும் தெளிந்தது. பதினொன்று இருபதுக்கு அது அம்மாவின் நரம்புக்குள் போயிற்று. ஹைட்ரோகார்ட்டிசோன். நம் உடம்பு தானே சுரக்கும் சரக்கு, அச்சு அசலாக.

கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிரஷர் மெஷினை விட்டு என் கண் நகரவில்லை. பதினொன்றே முக்காலுக்கு எண்பத்தாறு. பன்னிரண்டு பத்துக்குத் தொண்ணூற்று நாலு. அம்மாவின் உதட்டுக்கு நிறம் வந்தது. விடியற்கருக்கலில் வீட்டுச் சுவர்களுக்கு நிறம் வருவது போல, எந்த நொடியில் என்று சொல்ல முடியாமல். பன்னிரண்டே முக்காலுக்கு நூற்றுப் பத்து. விரல்களைப் பிடித்தேன். சூடு.

ஒன்றரை மணிக்கு அம்மா தலையைத் திருப்பினாள்.

"செண்பகா."

"என்னம்மா?"

"பசிக்கு. இட்லி வாங்கிட்டு வா. சாம்பார் தனியாக் கேளு, போன தடவ ஊறிப் போச்சு."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படியொரு வாக்கியம் இல்லை. கேன்டீன் வரிசையில் நின்று அழுதேன். முன்னால் நின்றவர் "நீங்க மொதல்ல வாங்கிக்கங்கம்மா" என்று வழிவிட்டார்.

டிசம்பர் 17, செவ்வாய்

டாக்டர் என்னைத் தனியே அழைத்து, ரிசல்ட் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். இரண்டு சிறுநீரகம், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னக் குல்லாய். அதுதான் சுரப்பி. ஒரு நாணயத்தின் எடைதான் இருக்குமாம். காய்ச்சல், அடி, பயம், பட்டினி, எது வந்தாலும் அதிலிருந்து வருவதுதான் நம்மைத் தாங்கிப் பிடிக்கிறது. விடியுமுன், நாம் கண் விழிப்பதற்கு முன்பே, அது எழுந்து வேலையைத் தொடங்கிவிடுமாம்.

"வெளிய இருந்து தினமும் வந்துக்கிட்டே இருந்தா, நம்ம வேலைக்கு அவசியம் இல்லன்னு அது சுருங்கித் தூங்கிடும். உங்கம்மாவுக்கு மூணு வருசமாத் தூங்குது. நீங்க வெளிய இருந்து வர்றத ஒரே நாள்ல நிறுத்திட்டீங்க. சாதாரண நாள்னா தள்ளாடிக்கிட்டே ஓட்டிருப்பாங்க. காய்ச்சல் வந்துச்சு, தாங்கல."

"அப்ப அந்த மருந்து..."

"நல்ல மருந்துங்க. நேத்து காப்பாத்துனதும் அதோட சொந்தக்காரன்தான். எதுக்கு, எவ்வளவு, எத்தன நாள், எப்படி எறக்குறதுன்னு தெரிஞ்சவங்க கையில இருக்கணும். அவ்வளவுதான்."

இனி மாத்திரையாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சுரப்பியை எழுப்ப வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். எழுந்திருக்காமலே போவதும் உண்டாம். அதுவரை தானாக நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி வந்தால் ஓடி வர வேண்டும். இதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதி, எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும் என்றார். கட்டிலில் அம்மா அட்டையை இரண்டு பக்கமும் பார்த்தாள். மூலையில் ஓட்டை போடச் சொல்லி வாங்கி, விசில் கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

நான் பொட்டலங்களைக் கரைத்ததை டாக்டர் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

விடுமுறையன்று நூலகத்தைத் திறந்து உள்ளே போனேன். அந்தத் தாளைத் திருப்பினேன். மறுபக்கத்தின் முதல் வரி: "நெடுநாள் உட்கொண்டவர் இம்மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது, உயிருக்கே ஆபத்தாகலாம்." ஒரு தாளின் கனம்தான் இடையில்.

டிசம்பர் 24, செவ்வாய்

தங்கமாரி அண்ணாச்சி மலையிலிருந்து கொண்டுவந்த அரவணைப் பாயசத்தோடு வீட்டுக்கு வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாற்காலியைக் காட்டினாலும் உட்காரவில்லை.

"டீச்சர், நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"நீரு கொடுத்தீரு, நான் தின்னேன். ரெண்டு பேருக்கும் ஃபவுல். உக்காரும்."

உட்கார்ந்தார். பாயச டப்பாவை மடியிலேயே வைத்திருந்தார். "தெனம் முப்பது பேரு வாராக. நாளையில இருந்து செட்டுல அவர, டெக்ஸாவ, எடுத்துரட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்!" என்று நானும் அம்மாவும் ஒரே சமயத்தில் கத்தினோம். அவர் மிரண்டுபோனார்.

டாக்டர் ஷகிலாவுக்கு அங்கேயே போன் செய்தேன். புதிதாக யாருக்கும் கொடுக்காதீர்கள், மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களை ஒவ்வொருவராக என்னிடம் அனுப்புங்கள் என்றார். அண்ணாச்சி போனைக் காதில் வைத்து, "சரிம்மா, சரிம்மா" என்று பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையாட்டினார். நான் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: "செட் மாத்திரை பல மாதம் சாப்பிட்டவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம்." கடைசி வாக்கியத்தை எழுதும்போது கை சற்று நின்றது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். அரையிறுதியில் தோற்றோம். ஒன்றுக்கு இரண்டு.

முழங்கால் வலி முழுதாகத் திரும்பிவிட்டது. அம்மா கோட்டுக்கு வெளியே நாற்காலியில். எழுந்து நிற்க இரண்டு பிள்ளைகள் கை கொடுத்தார்கள். முத்தரசி மட்டும் இன்று முன்னால் வந்தாள். வந்து வந்து ஆறு கோலைத் தடுத்தாள். ஏழாவதும் எட்டாவதும் உள்ளே போயின.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அம்மா கேட்டாள். "ஏட்டி, மூணு வருசம் நான் ஓடுனேனே, அதெல்லாம் பொய்யா?"

இல்லை என்றேன். கேள்வி என்னோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. வலி நின்றது நிஜம், ஓடியது நிஜம், முத்தரசி முன்னால் வரக் கற்றதும் அந்த ஓட்டத்திலிருந்துதான். தோல் மெலிந்ததும் நிஜம். எல்லாம் விரலில் ஒட்டும் ஒரே பொடி மாத்திரையிலிருந்து வந்தவை. இதை நல்லது கெட்டது என்று இரண்டு அலமாரியில் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை. பெரிய மலை ஒன்றின் அடியில் நிற்பது போல நிற்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

போன வாரம் அம்மாவுக்குச் சளிக்காய்ச்சல். அட்டையைப் பார்த்து மாத்திரையை இரட்டிப்பாக்கினேன். மூன்று நாளில் எழுந்து திட்டத் தொடங்கிவிட்டாள். மறுபடி பழைய அளவு. பிளேடால் மாத்திரையை நாலாக வெட்டுவதில் நான் இப்போது தேர்ந்தவள். முழங்காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அம்மா காலுக்கு விசில் ஊதி அதைச் செய்கிறாள்.

மே 31, சனி

ஓய்வு பெற்றாள். மாலையைக் கழற்றிய பிறகும் விசிலைக் கழற்றவில்லை. "அட்டை இருக்குல்ல" என்றாள்.

ஜூன் 6, வெள்ளி

காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். அதற்கு முன் மாத்திரை போடக் கூடாது. சுரப்பி தானாக எழுந்ததா என்று பார்க்கும் சோதனை. டிசம்பரில் ஊசிக்கு முன் எடுத்த ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. மார்ச்சில் கொஞ்சம் அசைந்திருந்தது.

மத்தியானம் டாக்டர் ஷகிலா தாளைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திருப்பினார். "பதினஞ்சு."

"பாஸா, ஃபெயிலா?" என்றாள் அம்மா.

"பாஸ், டீச்சர். எழுந்திருச்சிருச்சு. கடைசி மாத்திரையும் இனி வேண்டாம். அட்டை மட்டும் இன்னும் ஒரு வருசத்துக்கு இருக்கட்டும்."

அம்மா இடுப்புக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், அந்த இடத்தைத் தட்டிக் கொடுத்தாள். நன்றாக ஆடிய பிள்ளையின் முதுகைத் தட்டுவது போல.

இனி எழுத வேண்டியது.

நவம்பர் 28 அன்று தாளைத் திருப்பவில்லை என்று எழுதியிருக்கிறேன். டிசம்பர் 20 அன்று முதன்முதலாகப் படிப்பது போலவும் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில் எதற்குப் பொய் என்று தெரியவில்லை. திருப்பினேன். அன்றே படித்தேன். "திடீரென நிறுத்தலாகாது." அது பெரிய நோய்க்காரர்களுக்கு, பெரிய அளவில் எடுப்பவர்களுக்கு என்று நினைத்தேன். அரை மில்லிகிராம்தானே. ஊதினால் பறக்குமே. என்னிடம் மறைத்தாளே என்ற கோபத்தில் அந்த வரியை ஊதிவிட்டேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். பரண், வாளித் தண்ணீர், தாளின் மறுபக்கம். ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டாள்.

"தூக்கிப் போட்டது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "வாளி அடியில மாவு மாதிரி ஒட்டியிருந்துச்சு."

"ஏம்மா நேராக் கேக்கல?"

"கேட்டா, தின்னத ஒத்துக்கணும்ல?" சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா படிச்சிருந்தேங்கியே. அது தெரியாது."

மெல்ல எழுந்து பீரோவைத் திறந்தாள். நடுவர் அட்டைகள் வைக்கும் பை. எச்சரிக்கைக்கான பச்சையை எடுத்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே வைத்தாள். மஞ்சளை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தெரிஞ்சு செஞ்ச ஃபவுல். பத்து நிமிசம் வெளிய."

வாசலுக்கு வெளியே வண்டிப் பக்கத்தில் போய், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். மாத்திரை கரைத்த அதே வாளி. எதிர்வீட்டு அக்கா "என்ன செண்பகா, வெளிய உக்காந்துட்ட?" என்றாள். "காத்து வாங்குதேன்" என்றேன். ஜன்னல் வழியே தெரிந்தது: அம்மா கையில் ஸ்டாப்வாட்ச்சை வைத்து நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எதையும் பிடிக்காமல் நின்றாள். அவள் இடுப்புக்குள், ஒரு நாணய எடையுள்ள இரண்டு குல்லாய்கள், யாரும் சொல்லாமலே, நாளைய விடியலுக்கு வேலை பார்க்கக் காத்திருந்தன.

பத்தாவது நிமிடம் விசில் கேட்டது. நீளமாக, மூச்சு முட்டாமல், தெருக்கோடி வரைக்கும்.

எழுந்து உள்ளே போனேன்.